மாலையானால் இமை தொங்குகிறது, இரட்டையாகத் தெரிகிறது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். மனைவிக்கு அடுத்து எந்தப் பரிசோதனை?

கேள்வி: மலைக்கோட்டை_திண்டுக்கல்

மனைவிக்கு வயது 34. நான்கு மாதமாக இருக்கும் தொந்தரவுகளை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் எதுவுமே இல்லை. மதியத்துக்கு மேல் இடது இமை மெல்ல இறங்குகிறது. ஆறு மணிக்குப் பாதிக் கண்ணை மூடிவிடுகிறது. சில நாள் வலது பக்கமும் இறங்கும். டிவி பார்த்தால் அரை மணி நேரத்தில் உருவங்கள் இரண்டாகத் தெரிகின்றன. இரவு சப்பாத்தி சாப்பிடும்போது இரண்டாவது சப்பாத்தியில் தாடை ஓய்ந்துபோய், கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மெல்கிறாள். தலை பின்னும்போது கை தானாக இறங்கிவிடுகிறது. போனில் பத்து நிமிடம் பேசினால் குரல் மூக்கால் வருகிறது. வலி, மரத்துப்போவது, காய்ச்சல், எடை குறைவது எதுவும் இல்லை.

இதுவரை பார்த்தவை: ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, பி12, மூளை எம்.ஆர்.ஐ. எல்லாம் நார்மல். கண் மருத்துவர் கண்ணாடி பவரை மாற்றினார், பலனில்லை. பொது மருத்துவர் மன அழுத்தம் என்று சொல்லி இரவுக்கு அல்பிரஸோலம் 0.25 என்ற தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார், பத்து நாளாகப் போடுகிறாள். டாக்டரிடம் போவது எப்போதும் காலை ஓ.பி.யில். அந்த நேரத்தில் கண் நன்றாகத் திறந்திருக்கும், அவர்களும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் சோம்பேறித்தனம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவளே இப்போது தன்னைச் சந்தேகிக்கிறாள், அதுதான் தாங்க முடியவில்லை.

யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது, வீட்டில் நான் என்ன செய்யலாம்?

பதில் 1: விழித்திரை

அண்ணே, உங்கள் மனைவி சொல்வது சோம்பல் இல்லை என்பதற்கு ஆதாரம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. காலையில் சரியாக இருந்து, வேலை செய்யச் செய்யத் தளர்ந்து, ஓய்வெடுத்தால் மீள்வது. அதுவும் இமை, விழியை அசைக்கும் தசைகள், தாடை, தொண்டை, தோள் என்ற வரிசையில். மனக்கவலை இமையை மட்டும் தேர்ந்தெடுத்து மாலை ஆறு மணிக்கு இறக்காது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் இணைப்பில் கோளாறு இருந்தால்தான் இந்த ஒழுங்கு வரும். அதில் முதலில் நினைக்க வேண்டியது மயஸ்தீனியா கிராவிஸ். அது உறுதி என்று சொல்லவில்லை. நரம்பியல் மருத்துவரிடம் போய் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டிய அளவுக்கு அடையாளங்கள் இருக்கின்றன.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்பதில் வியப்பில்லை. கோளாறு மூளையில் இல்லை, படத்தில் தெரியாத சந்திப்பில் இருக்கிறது. ரத்தத்தில் வழக்கமாகப் பார்க்கிற எதுவும் இதைக் காட்டாது.

வீட்டில் மூன்றைப் பதிவு செய்யுங்கள்.

ஒன்று, இரட்டையாகத் தெரியும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் உருவம் ஒன்றாகிவிட்டால், இரண்டு விழிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கவில்லை என்று பொருள். அது தசை அல்லது நரம்புப் பிரச்சினை. ஒரு கண்ணை மூடிய பிறகும் இரண்டாகவே தெரிந்தால் பவர், கண்புரை, கண் வறட்சி பக்கம் தேட வேண்டும். கண்ணாடி மாற்றியதில் ஏன் பலனில்லை என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கும்.

இரண்டு, மாலையில் நாற்காலியில் நேராக உட்கார வைத்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி, நெற்றிக்கு மேலே நீங்கள் பிடித்த பேனா முனையை ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். போன் கேமரா அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும். மேலே இருந்தோ கீழே இருந்தோ எடுத்தால் இமையின் உயரம் பொய் சொல்லும். பலர் இமை இறங்கும்போது புருவத்தைத் தூக்கிச் சமாளிப்பார்கள். நெற்றிச் சுருக்கம் தெரிகிறமாதிரி முழு முகத்தையும் எடுங்கள்.

மூன்று, ஐஸ் சோதனை. இமை நன்றாக இறங்கியிருக்கும் நேரத்தில் நேராகப் பார்க்கச் சொல்லி ஒரு படம். பிறகு ஐஸ்கட்டியை மெல்லிய துணியில் சுற்றி, மூடிய இமை மேல் அழுத்தாமல் இரண்டு நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸைத் தோலில் வைக்கக் கூடாது. எடுத்த உடனே, பத்து நொடிக்குள், அதே தூரத்தில் அடுத்த படம். விளைவு சீக்கிரமே போய்விடும் என்பதால் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கன்னத்தின் ஓரம் ஒரு ஸ்கேல் பிடித்திருந்தால் மி.மீ. கணக்கே கிடைக்கும். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் இமை உயர்ந்தால் அது கணக்கில் எடுக்கத்தக்க மாற்றம். குளிர்ச்சியில் நரம்பு–தசை இணைப்பு கொஞ்சம் நன்றாக வேலை செய்யும், அதுதான் காரணம். வெயிலிலும் சுடுநீர்க் குளியலிலும் இவர்கள் தளர்வதும் இதன் மறுபக்கம்தான்.

பதில் 2: ஈ.எம்.ஜி_அறை

மேலே சொன்னது சரி. பரிசோதனைகளில் எங்கே தவறு நடக்கிறது என்பதைச் சேர்க்கிறேன். ஒரு முறை நார்மல் என்று அச்சாகிவிட்டால் அடுத்த ஆறு மாதம் அந்தக் காகிதத்தோடுதான் போராட வேண்டியிருக்கும்.

முதலில் கேட்க வேண்டியது அசிட்டைல்கோலின் ரிசெப்டர் ஆன்டிபாடி, அதாவது நரம்பின் செய்தியைத் தசை வாங்கும் இடத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் பரிசோதனை. வெறும் வயிறு தேவையில்லை. பல மருத்துவமனைகள் மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும்; செலவு சில ஆயிரம் ரூபாய், முடிவு வரச் சில நாள் ஆகும். உடல் முழுக்கப் பரவியவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ் வரும். கண்ணோடு நிற்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வரும். ஆகவே நெகட்டிவ் என்றால் நோயே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்து, அதே இணைப்பைப் பாதிக்கும் இன்னொரு எதிர்ப்பொருளான மஸ்க் ஆன்டிபாடி கேட்க வேண்டும். பேச்சும் விழுங்குவதும் முன்னே நிற்கிறவர்களுக்கு இது முக்கியம். ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆர்.என்.எஸ். என்கிற தொடர் நரம்புத் தூண்டல். நொடிக்கு 3 முறை என்ற வேகத்தில் வரிசையாகச் சின்ன மின்தூண்டல் கொடுத்து, தசையின் பதில் அலை படிப்படியாகக் குறைகிறதா என்று பார்ப்போம். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கோளாறு. இதில் கைவிரல் தசையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தொந்தரவு முகத்திலும் தோளிலும் இருக்கும்போது முகத் தசையையும் ட்ரபீசியஸ் என்ற தோள் தசையையும் பார்க்க வேண்டும். ‘முகம், தோள் இரண்டும் பார்ப்பீர்களா’ என்று கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அடுத்த பிழை, அறையில் ஓடும் ஏ.சி.யால் வருவது. கை குளிர்ந்திருந்தால் அலை குறையாமலே நின்று நார்மல் என்று காட்டிவிடும். ஒரு சால்வை கொண்டுபோய், உள்ளே கூப்பிடும் வரை கையைப் போர்த்தி வைத்திருங்கள்.

இது இரண்டும் நார்மலாக வந்து சந்தேகம் தீராவிட்டால் சிங்கிள் ஃபைபர் ஈ.எம்.ஜி., அதாவது மெல்லிய ஊசியால் தனித்தனித் தசை இழைகளின் மின்பதிலை அளப்பது. இருப்பதில் மிக நுட்பமானது இதுதான். ஆனால் எல்லா ஊரிலும் கிடையாது, செய்யத் தெரிந்தவர் வேண்டும், வேறு தசை நோய்களிலும் மாறியே வரும்.

நரம்பு–தசைச் செய்தியைச் சற்று நேரம் பலப்படுத்தும் நியோஸ்டிக்மின் ஊசி போட்டு இமை எழுகிறதா என்று பார்ப்பதும் நம் ஊர் மருத்துவமனைகளில் உண்டு. இதயத் துடிப்பு இறங்கினால் கொடுக்க அட்ரோபின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே அது கிளினிக் வேலை இல்லை.

நோய் உறுதியானால் மார்புக்கு சி.டி. எடுப்பார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான். 10 முதல் 15 சதவீதம் பேருக்கு இருக்கும். மார்பு எக்ஸ்ரே போதாது, சின்னக் கட்டி தப்பிவிடும். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில் 3: பொறுமை_வேண்டும்

நண்பர்கள் இருவரும் எழுதியதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே பெயரில் கண்ணைப் பதித்துவிட வேண்டாம். தைராய்டு கண் நோயில், தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். நார்மலாக இருக்கும்போதே இரட்டைப் பார்வை வரலாம். ஆனால் அதில் இமை மேலே இழுபடும், இறங்காது. மைட்டோகாண்ட்ரியா சார்ந்த தசை நோயிலும் இமை இறங்கும். ஆனால் காலை மாலை வித்தியாசம் பெரிதாக இருக்காது, இரட்டைப் பார்வையும் குறைவு. ஐஸ் சோதனையில் இமை எழவில்லை என்பதற்காக விட்டுவிடவும் வேண்டாம், எழுந்தது என்பதற்காக மருந்துக்கடைக்குப் போகவும் வேண்டாம்.

காத்திருக்கவே கூடாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று ஒரு கண் மட்டும் இறங்கி, கடும் தலைவலியும் அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகவும் இருந்தால் ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம்; அன்றே, அந்த மணியே மருத்துவமனை. இன்னொன்று, இதைப் படிக்கும் கிராமத்து வாசகர்களுக்காக: இரவு தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தியோடு எழுந்து, இரண்டு இமையும் இறங்கி, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் கட்டுவிரியன் கடியை நினையுங்கள். அதன் கடியில் வலியோ வீக்கமோ இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகும். நான்கு மாதமாக மெல்ல வந்த உங்கள் மனைவியின் கதை இது இல்லை. ஆனாலும் ‘இமை இறங்குது’ என்று தேடி இங்கே வருகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது.

மலைக்கோட்டை_திண்டுக்கல்

மிக்க நன்றி. நேற்று மாலை 6.40-க்குச் செய்து பார்த்தோம். ஒரு கண்ணை மூடினால் உருவம் ஒன்றாகிறது, எந்தக் கண்ணை மூடினாலும். ஐஸுக்கு முன் இடது இமைத் திறப்பு 5 மி.மீ., பின் 8 மி.மீ. படம் இருக்கிறது. அவளே படத்தைப் பார்த்து, ‘அப்போ நெசமாத்தான் எறங்குதா’ என்று கேட்டாள். தூக்க மாத்திரையை நிறுத்தலாமா? இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கும்போது சில சமயம் மூக்கில் ஏறுகிறது, அதையும் எழுத விட்டுவிட்டேன்.

பதில் 4: வார்டு_சிஸ்டர்

தம்பி, தண்ணீர் மூக்கில் ஏறுவதை நீங்கள் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். தொண்டைத் தசை தளர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். காத்திருப்புப் பட்டியலில் அவரை மேலே கொண்டுவருவதும் அதுதான். அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். இந்த வாரமே பாருங்கள்.

அல்பிரஸோலம் வகை மாத்திரைகள் ஏற்கெனவே தளர்ந்த மூச்சுத் தசையை இன்னும் தளர்த்தக்கூடியவை. எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இன்றைக்கே போன் செய்து, விழுங்கச் சிரமம் இருக்கிறது என்று சொல்லி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். பத்து நாள், குறைந்த அளவு என்பதால் பெரிய சிக்கல் இருக்காது. மாதக்கணக்கில் போடுகிறவர்கள் மட்டும் சட்டென்று நிறுத்தவே கூடாது.

மூச்சை வீட்டிலேயே அளக்க ஒரு வழி. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில் நொடிக்கு இரண்டு என்ற வேகத்தில் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். தமிழில் இருபதுக்கு மேல் எண்கள் நீளமாகிவிடும், ‘இருபத்தேழு’ என்று சொல்லவே நேரமாகும். அதனால் ஒன்று முதல் பத்து வரை திரும்பத் திரும்ப எண்ணட்டும், பத்துகளை நீங்கள் விரலில் வையுங்கள். ஆரோக்கியமானவர் 50 அருகில் போவார். காலையும் மாலையும் நோட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கினாலோ 20-க்குக் கீழே வந்தாலோ அன்றே மருத்துவமனை. 15-க்குக் கீழ் என்றால் 108.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பி உட்காராதீர்கள். நுரையீரல் நன்றாக இருந்து தசைதான் ஓய்கிறது என்பதால், ஆக்சிஜன் 97, 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். அது இறங்கும்போது ரொம்பத் தாமதமாகியிருக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாதது, எச்சிலை விழுங்காமல் துப்பிக்கொண்டே இருப்பது, இருமலில் பலமில்லாதது, இவற்றில் ஒன்று வந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து, நோய் உறுதியாகும் வரைக்கும்கூட இந்த மருந்துகள் விஷயத்தில் கவனம்: ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள், சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் ப்ரொப்ரானலால், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு, குளோரோகுயின் வகை, நரம்பு வழியாக ஏற்றும் மக்னீசியம். சளி, காய்ச்சல் என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனால் ஒரு ஊசியும் மூன்று நாள் அசித்ரோமைசினும் தருவது வழக்கம். காய்ச்சலே இவர்களைத் தளர்த்தும், அதன்மேல் இதுவும் சேர்ந்தால் நிலைமை சட்டென்று மோசமாகும். இந்தப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதி அவர் கைப்பையிலும் உங்கள் பர்ஸிலும் வையுங்கள். நெருக்கடியில் வேறு வழியில்லாமல் இவற்றில் ஒன்றைக் கொடுக்க நேரலாம். அதைக் கொடுக்கிற டாக்டர் தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாடு: இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்குள் கொண்டுவாருங்கள். சப்பாத்தி, பரோட்டா, கறி எல்லாம் காலைக்கும் மதியத்துக்கும் போகட்டும். மாலைக்குக் குழைந்த தயிர்சாதம், இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்தது, கெட்டிக் கஞ்சி. நீர்த்த ரசத்தையும் வெறும் தண்ணீரையும்விட கெட்டியானது பத்திரம். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கட்டும். அண்ணாந்து தண்ணீர் ஊற்றிக்கொள்கிற பழக்கத்தை இப்போதே விட வேண்டும். சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். வண்டி ஓட்ட வேண்டாம்.

பதில் 5: விழித்திரை

5-லிருந்து 8 மி.மீ. என்பது தெளிவான மாற்றம். அந்த இரண்டு படங்களையும் கலரில் அச்செடுத்து, நேரத்தோடு கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். போனில் தேடிக் காட்டுவதற்குள் அவர்கள் அடுத்த நோயாளிக்குப் போய்விடுவார்கள்.

இடம் பற்றி: உங்களுக்குப் பக்கம் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நரம்பியல் துறை இருக்கிறது. இன்னும் போக வேண்டி வந்தால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் உள்ள மெட்ராஸ் நரம்பியல் நிலையம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது, பிளாஸ்மா மாற்றுவது என்று வந்தால் செலவு லட்சக்கணக்கில் போகும் என்பதால், சேர்க்கும் அன்றே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். அட்டை இன்னும் வாங்கவில்லை, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

காலை ஓ.பி. சிக்கலுக்கு: காத்திருக்கும் நேரத்தை வீணாக்காதீர்கள். டோக்கன் எண் நெருங்கும்போது நூறு வரை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், ஓரிரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லுங்கள், கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே போகும்போது களைப்பு கண்ணிலும் குரலிலும் தெரியும். மூச்சு எண்ணிக்கை 20-க்கு அருகில் இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மலைக்கோட்டை_திண்டுக்கல்

எண்ணிப் பார்த்தோம், காலை 41, மாலை 33. நோட்டில் எழுதிவிட்டேன். மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். நாளை காலை மதுரை கிளம்புகிறோம். உள்ளே போனதும் முதலில் என்ன சொல்ல?

பதில் 6: ஈ.எம்.ஜி_அறை

இப்படிச் சொல்லுங்கள்: ‘நாலு மாசமா சாயங்காலம் இமை இறங்குது, ரெண்டா தெரியுது, மெல்ல முடியல. காலைல சரியாயிடுது. மூணு நாளா தண்ணி மூக்குல ஏறுது. ஐஸ் வச்சா இமை 3 மி.மீ. தூக்குது, படம் இருக்கு. மயஸ்தீனியா பார்க்கணுமா?’ இது அரை நிமிடம்கூட ஆகாது. மன அழுத்தம் என்று முன்பு சொன்னதைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள், நேரம் அதிலேயே போகும். அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

நியோஸ்டிக்மின் வகை மாத்திரையான பைரிடோஸ்டிக்மினை அன்றே எழுதினால் இரண்டு விஷயம். ஆர்.என்.எஸ். பின்னொரு நாள் என்றால், அதற்கு முன் மாத்திரையை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள்; பொதுவாக 12 மணி நேரம். ஆனால் விழுங்கச் சிரமம் உள்ளவர் தானாக நிறுத்தக் கூடாது. 60 மி.கி. மாத்திரை அரை, முக்கால் மணி நேரத்தில் வேலை செய்து 3–4 மணி நேரம் நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட்டால் மெல்லுவதற்குப் பலம் இருக்கும். வயிற்றைப் பிசைவது, வயிற்றுப்போக்கு, வாயில் எச்சில் ஊறுவது இதன் பக்கவிளைவு. பலம் போதவில்லை என்று நீங்களாக அளவைக் கூட்டினால், அளவு மீறியதாலேயே தளர்ச்சி வரும். அப்போது எது நோய் எது மருந்து என்று யாருக்கும் பிரிக்க முடியாது.

ஸ்டீராய்டு தொடங்கினால் முதல் இரண்டு வாரத்தில் தளர்ச்சி கூடலாம் என்பது எதிர்பார்த்த ஒன்றுதான். உங்கள் மனைவிக்குத் தொண்டையிலும் தொந்தரவு இருப்பதால், வார்டில் சேர்த்து வைத்துத் தொடங்கலாம் என்று சொன்னால் வீட்டு வேலையைக் காரணம் காட்டி மறுக்காதீர்கள். மாற்றுத் துணி, எம்.ஆர்.ஐ. பிலிம், சால்வை, காப்பீட்டு அட்டை, அந்த மூச்சு நோட்டு. இவற்றை இன்றிரவே பையில் போட்டுவிடுங்கள். பேருந்தில் ஜன்னலோரம் நிழல் பக்கமாக உட்கார வையுங்கள், சித்திரை வெயில்.